உருட்டிய மூலை

அன்று காலையும் பட்டறையைத் திறந்ததும் உலைக்காரம்மா முதல் வேலையாகச் செங்கல்லை எண்ணினாள். நூற்றிருபது. நேற்றும் நூற்றிருபதுதான், முந்தாநாளும் அதேதான். யாரும் வந்து கூட்டிவிடப் போவதில்லை, தூக்கிக்கொண்டு போகப் போவதும் இல்லை. ஆனாலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவள் பட்டறைக்கும் தம்பியின் பட்டறைக்கும் நடுவில் கதவே வைக்காத ஒரு வாசல் உண்டு. அந்த வாசலின் அந்தப் பக்கத்து ஓரமாக, முழங்கால் உயரத்துக்கு, தம்பிதான் அடுக்கி வைத்திருந்தான். அடுக்கிய விதத்திலேயே அவன் புத்தி தெரிந்தது. ஒரு செங்கல் முன்னே வரக்கூடாது, ஒன்று பின்னே போகக்கூடாது. கூடப் பிறந்தவளின் முகத்துக்கு நேரே வாசலை அடைக்கப்போகிற செங்கல், அதற்கும் மட்டம் பார்க்கிறவனை என்ன செய்வது? சும்மாவா தெருவில் அவனுக்கு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் என்று பேர் வைத்தார்கள்?

அப்பா விட்டுப்போன ஒரே கொட்டகைதான் இரண்டு பட்டறையாக ஆனது. லேத்தும் மில்லிங் மெஷினும் கிரைண்டரும் இருந்த பாதி தம்பிக்கு. உலைகளும் எண்ணெய்த் தொட்டியும் இருந்த பாதி அக்காவுக்கு. பத்தொன்பது வருஷம் ஆகிறது. தகட்டை வெட்டும் அச்சு, துளை போடும் பஞ்ச், வெட்டுளி என்று தம்பி இரும்பை இழைத்துச் செய்வான். இழைக்கிற வரைக்கும் அது மெத்து இரும்பு. அப்படியே வேலைக்குப் போட்டால் நாலு நாளில் முனை மழுங்கிப்போகும். அதை உலையில் வைத்து, சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கி, கெட்டியானது கண்ணாடி மாதிரி நொறுங்காமல் இருக்க மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்துவது அக்காவின் வேலை. அவனில்லாமல் இவளுக்கு உலையில் வைக்க ஒன்றும் இல்லை, இவளில்லாமல் அவன் செய்வதெல்லாம் வெறும் பொம்மை. இப்படி ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பிழைக்கிற இடத்தில் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. பத்தொன்பது வருஷமாக ஒரே சண்டை.

சண்டை மூலையைப் பற்றியது. அச்சுக்கு நடுவில் வெட்டுகிற துவாரத்தில் உள்மூலைகள் வரும். தம்பி அந்த மூலைகளைக் கத்தி வைத்துக் கீறியதுபோல் கூராக விடுவான். கூர் மூலை பார்க்க அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் எண்ணூறு டிகிரி சூட்டிலிருந்து எண்ணெய்க்குள் இறங்குகிற இரும்புக்கு அழகு தெரியாது. ஒரு பக்கம் முன்னால் சுருங்கும், ஒரு பக்கம் பின்னால் சுருங்கும், இழுக்கிற இழுவையெல்லாம் அந்தக் கூர் மூலையில் வந்து நிற்கும், அங்கேதான் விரிசல் விடும். மூலையை லேசாக உருட்டிவிடுடா, ஒரு மில்லிமீட்டர் உருட்டினால் போதும், ராசாவாட்டம் நிற்கும் என்று அவளும் சொல்லாத நாளில்லை. வரைபடத்தில் கூராகத்தான் போட்டிருக்கிறது, நான் படத்தைப் பார்த்துச் செய்கிறவன், உன் உலைக்கு ஏற்ற மாதிரி செய்கிறவன் இல்லை என்பான் அவன். உடைந்தால் இவள் சூடு கூட்டிவிட்டாள் என்பான். உடையாவிட்டால் அவன் வேலை சுத்தம் என்பான். எப்படிப் பார்த்தாலும் அவன்தான் கெட்டிக்காரன். உலைக்காரம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அடுத்த அச்சிலும் மூலை கூராகத்தான் வரும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அது முற்றிப்போனது. ஒரு அச்சு விரிசல் விட்டது. வாங்க வந்த ஆள் நடுவில் நிற்கிறான். தம்பி அவனிடம், கொஞ்சம்கூட யோசிக்காமல், அக்கா உலையில் வைத்துவிட்டு மறந்துவிட்டாள் போல என்றான். மறந்துவிட்டாளாம். வயிற்றில் பிள்ளையோடு வலி எடுத்த அன்றைக்குக்கூட உலையில் இருந்ததை முக்கி எடுத்து, பதத்துக்கு வைத்து, நேரத்தைச் சுவரில் எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள். அது போகட்டும், அன்றைக்கு உடைந்தது என்று அவள் கையில் கொடுத்தது அவள் உலையில் வைத்த அச்சுதானா என்றுகூட அவளுக்குச் சந்தேகம் இருந்தது. ஒரே மாதிரி மூன்று செய்திருந்தான். அதுவரை பட்டறை முழுக்கக் கம்பியில் தகரச் சீட்டைக் கோத்துக் கட்டிவிடுவதுதான் வழக்கம். சீட்டு கழன்றால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? அன்றோடு தம்பியிடம் பேசுவதை நிறுத்தினாள். மறுநாளே கடைக்குப் போய் எஃகில் எண் பதிக்கும் நம்பர் பஞ்ச் பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். இனிமேல் உலைக்குள் போகிற ஒவ்வொன்றிலும் எண் அடித்து, எந்த நாள், எந்தச் சூடு, எத்தனை நிமிஷம் என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் கதவை மூடுவது. அப்புறம் எவன் வந்து மறந்துவிட்டாள் என்று சொல்கிறான் பார்க்கலாம்.

முதலில் மெல்லத்தான் அடித்தாள். தம்பி மேல்பரப்பைக் கிரைண்டரில் கொடுத்து இழைத்ததும் எண் போய்விட்டது. எண்ணே இல்லையே என்று அவன் பெண்டாட்டியிடம் சொல்லி அனுப்பினான். சரி, உனக்கு ஆழமாக வேண்டுமா, தருகிறேன் என்று அதிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று அடி. சுத்தியலை ஓங்கி அடிக்கும்போது மனசுக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

பேச்சு நின்றாலும் வேலை நிற்கவில்லை. எல்லாம் தம்பி பெண்டாட்டி வழியாக. வாசலுக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவன், நடுவில் பாவம் அந்தப் பெண், உதிரிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு. தம்பி சொல்வது ஒவ்வொரு எழுத்தும் உலைக்காரம்மாவின் காதில் விழும். ஆனாலும் அவள் காத்திருப்பாள். அந்தப் பெண் நிமிர்ந்து, அண்ணி, இது சாயங்காலத்துக்குள்ள வேணுமாம் என்பாள். முடியாதுன்னு சொல்லு என்பாள் இவள், தம்பிக்கு நன்றாகக் கேட்கும்படி. முடியாதாம் என்பாள் அந்தப் பெண், கையில் இருக்கும் காகிதத்தை மடித்துக்கொண்டே. ஒரு மாதம் போனதும் அவள் நிமிர்வதையும் விட்டுவிட்டாள். வீட்டில் இதைக் கேட்டு உலைக்காரம்மாவின் வீட்டுக்காரர் சிரியோ சிரி என்று சிரித்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தினமும் முப்பது பிள்ளைகளின் சண்டையைப் பார்க்கிறவர். இவ்வளவு சின்னப் பிள்ளைத்தனத்தை வேனில்கூடப் பார்த்ததில்லை என்றார். அவள் அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தடவை சோறு போடவில்லை.

அப்புறம்தான் செங்கல் வந்து இறங்கியது. கீல் தகடு வெட்டும் அச்சு ஒன்று செய்ய எடுத்திருக்கிறேன், மூன்று வாரத்து வேலை, இதுவும் உடைந்தால் வாசலை அடைத்துவிட்டு வேலையை வெளியே கொடுத்துக்கொள்கிறேன் என்று தம்பி சொல்லி அனுப்பினான். சொல்லி அனுப்பினதாவது பரவாயில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து அளவெடுத்துவிட்டுப் போ என்று கொத்தனாரிடமும் சொல்லிவிட்டானாம். அச்சு இன்னும் மெஷினை விட்டு இறங்கவில்லை, அதற்குள் கொத்தனார். உடையும் என்று முடிவே பண்ணிவிட்டான். அடைத்துக்கொள்ளச் சொல், எனக்கு என்ன போயிற்று என்று அவளும் பதில் சொன்னாள். சொன்னாளே தவிர, அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. உலையில் வைக்க வேறு ஆட்கள் வேலை தருவார்கள், பட்டினி கிடக்க மாட்டாள். அதில்லை. வாசல் அடைத்துவிட்டால் அவன் பட்டறைக்குப் போகத் தெருவைச் சுற்றிப் போகவேண்டும். தெருவைச் சுற்றிப் போக ஒரு காரணம் வேண்டும். அப்படி ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அவனும் வரமாட்டான், அவளும் போகமாட்டாள், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்து அவனைப் பார்ப்பது ஏதாவது கல்யாணத்தில், யாராவது ஒருத்தர் சாவில். அப்படி நினைக்க வைத்ததற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வந்தது.

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. பத்து மணிக்குத் தம்பி பெண்டாட்டி எண்ணெய்த் துணியில் சுற்றிய அச்சை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். ஒரு சாண் நீளம், ஒரு அங்குல கனம். கீலின் வடிவத்தில் நடுவில் பல் பல்லாக வெட்டிய துவாரம். அண்ணி, பாத்துப் பண்ணுங்க என்று மெல்லச் சொன்னாள். அது அவன் சொல்லச் சொன்னதல்ல, அவளே சொன்னது. உலைக்காரம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

களிமண்ணைப் பிசைந்து திருகாணி ஓட்டைகளை அடைத்தாள். அடுத்தது மூலைகள். கூர் மூலைகளில் களிமண் அப்பிவிட்டால் எண்ணெயில் இறங்கும்போது அந்த இடம் கொஞ்சம் மெதுவாக ஆறும், பிழைக்க ஒரு வழி. பத்தொன்பது வருஷமாக அவன் விடுகிற கூர் மூலையை எல்லாம் இவள் இப்படித்தான் மண்ணை அப்பிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள், அது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ. மண்ணோடு கட்டைவிரலை மூலையில் வைத்து அழுத்தியவள் அப்படியே நின்றாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி தடவினாள். மூலை உருண்டிருந்தது. அடுத்த மூலை, அதுவும். எட்டு மூலையும். ஒரு மில்லி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளே பளபளவென்று இருந்தது.

சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்ததும் உண்மைதான், ஒரு மூச்சு விடுகிற நேரம். அதற்குப் பின்னாலேயே பற்றிக்கொண்டு வந்தது எரிச்சல். பத்தொன்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அக்கா, நீ சொன்ன மாதிரி உருட்டியிருக்கேன் என்று வாய் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறான். அவள் சொன்னது சரி என்று ஆனபிறகும் அதை உட்கார்ந்து அனுபவிக்க விடமாட்டேன் என்கிறான். இன்னொன்றும் உறைத்தது. இனி உடைந்தால் மூலை என்று சொல்ல வழியில்லை. மூலையைச் சரியாகச் செய்து கொடுத்துவிட்டான். இனி உடைந்தால் அவள்தான். வேண்டுமென்றே செய்திருப்பானோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். மனசு எவ்வளவு கேவலமாகப் போகும் என்பதற்கு ஒரு அளவே இல்லை.

அந்தக் கடுப்போடுதான் பஞ்ச் பெட்டியைத் திறந்தாள். நோட்டில் அடுத்த எண் நானூற்றுப் பதினேழு. துவாரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் நடுவில் இரண்டு விரல்கடை அகலத்தில் வெறும் இடம் இருந்தது. அங்கே வைத்து நாலு, ஒன்று, ஏழு. ஒவ்வொன்றுக்கும் மூன்று அடி. ஏழுக்கு நாலு அடி விழுந்தது. இந்தா, உனக்கு எண், நல்லாத் தெரியும்படி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தாள்.

அதன்பிறகு அவள் வேலையில் ஒரு பிசகு கிடையாது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அறுநூற்றைம்பதில் நிறுத்திச் சூடு உள்ளே இறங்க நேரம் கொடுத்தாள். மெல்ல எண்ணூறுக்கு ஏற்றினாள். அளவுமானி சொல்வதை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பார்த்தாள். ஓரமும் நடுவும் ஒரே சிவப்பாக, உலைச் சுவர் எது இரும்பு எது என்று தெரியாதபடி ஒன்றாக ஆகும்வரை பார்த்தாள். அரை மணி அப்படியே வைத்தாள். அதற்குள் தொட்டி எண்ணெயைக் கை சுடும் அளவுக்குக் காய்ச்சி வைத்துக்கொண்டாள், பச்சை எண்ணெயில் இறக்கினால் இரும்பு அதிர்ந்துபோகும். வாசலுக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. எதையும் இழைக்கிற சத்தமில்லை, வெறுமனே சுற்றுகிற சத்தம். அவனுக்கும் கை ஓடவில்லை என்று தெரிந்தது. உலைக் கதவைத் திறந்து, நீள இடுக்கியால் பிடித்து, இரண்டே எட்டில் தொட்டிக்கு வந்து நேராக இறக்கினாள். புகை எழுந்து முகத்தில் அடித்தது. பக்கவாட்டில் அசைக்காமல் மேலும் கீழுமாக மட்டும் ஆட்டினாள். சடசடவென்று கொதித்த எண்ணெய் மெல்ல அடங்கி, குமிழி நின்று, சும்மாவானது. கை பொறுக்கும் சூட்டில் வெளியே எடுத்துச் சட்டத்தில் வைத்து எண்ணெய் வடியவிட்டாள். பதப்படுத்தும் அடுப்பு இருநூறில் தயாராக இருந்தது. மூன்று எட்டு எடுத்து வைத்தால் போதும்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். நகம் வெட்டுகிற சத்தம் இருக்குமே, அதைவிடச் சின்னது. வேறு யாராவது கேட்டிருந்தால் தகரக் கூரையில் ஏதோ விழுந்தது என்று இருந்திருப்பார்கள். உலைக்காரம்மாவுக்கு அது எந்தச் சத்தம் என்று தெரியும். அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது. அது சுற்றி ஓய்கிற சத்தம் நீண்டுகொண்டே போய் ஒரு வழியாக அடங்கியது.

அண்ணி, அது என்ன சத்தம்னு கேக்குறாரு என்றாள் தம்பி பெண்டாட்டி. ஒன்றுமில்லை, பார்க்கிறேன் என்று சொல்லு என்றாள் இவள்.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அச்சு முழுவதும் தடவினாள். கொஞ்சம் ஊறவிட்டுக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாள். ஒரு சாக்பீஸைப் பொடித்து மேலே தூவி, ஊதிவிட்டுக் காத்திருந்தாள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்ல மேலே கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போடும். கடவுளே, ஒன்றும் வரக்கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. முதலில் ஒரு புள்ளி ஈரம். புள்ளி நீண்டது. தடித்த கோடாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, உள்மூலையைப் பார்த்துப் போனது. மூலைக்கு ஒரு அரிசி நீளம் இருக்கும்போது நின்றுவிட்டது.

தடித்த முனை எங்கே இருந்தது என்பதை அவள் பார்க்க வேண்டியதில்லை. பார்க்காமலே தெரிந்துவிட்டது. ஆனாலும் குனிந்து பார்த்தாள். நானூற்றுப் பதினேழில் ஏழின் அடிக்கால். நாலு அடி வாங்கிய ஏழு. கூர் மூலை வைக்காதே, இழுவையெல்லாம் அங்கேதான் போய் நிற்கும் என்று பத்தொன்பது வருஷம் கத்தியவள், ஓரத்துக்குப் பக்கத்தில், மெலிந்த இடமாகப் பார்த்து, எஃகில் கூரான பள்ளம் மூன்று வெட்டி வைத்திருக்கிறாள். தன் கையாலேயே. தன்மேல் பழி வரக்கூடாது என்று. இத்தனை நாள் அடித்ததெல்லாம் எப்படியோ தப்பித்துப் போயிருக்கிறது. அவன் முதல்தடவையாக மூலையை உருட்டிக் கொடுத்ததில் போய் இவள் கூரான பள்ளத்தை வைத்துவிட்டாள். ஓவென்று அழலாமா, சுத்தியலை எடுத்துச் சுவரில் அடிக்கலாமா என்று இருந்தது. இரண்டும் செய்யாமல் முந்தானையால் மூக்கில் இருந்த எண்ணெய்க் கரியைத் துடைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது தம்பி எதிரே நின்றிருந்தான். செங்கல் அடுக்கைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தான். மூன்று மாதத்தில் முதல் தடவை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு அச்சின்மேல் குனிந்தான். ரொம்ப நேரம் குனிந்திருந்தான். இவன் கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். தலைமுடி ஒன்றைக் காட்டினால் அது தடிமுடியா மெல்லிய முடியா என்று விரலால் தொடாமலே சொல்கிறவன். ஒருதடவை பேப்பர் ஒட்டிய ஜன்னலைப் பார்த்து, இடப்பக்கம் பேப்பர் கனம் கூடுதல் என்றவன். அப்படிப்பட்டவன் அந்தக் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான், திரும்ப அந்த முனையிலிருந்து இந்த முனைவரை பார்த்தான். ஏழின்மேல் அவன் பார்வை நின்றதை உலைக்காரம்மா கண்ணால் கண்டாள்.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றினான்.

"மூலைதான்க்கா," என்றான். "இன்னும் கொஞ்சம் உருட்டியிருக்கணும். ஒரு மில்லி பத்தல."

தம்பி பெண்டாட்டியின் கையில் இருந்த காகிதம் அப்படியே நின்றது. உலைக்காரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் தன் வேலையில் ஒரு குறை என்று அவன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதுவும் நேராக, அக்கா என்று. வேறு அச்சு செய்துகொள்ளலாம், பாக்கி எஃகு இருக்கிறது, திங்கட்கிழமை தொடங்கினால் மூன்று வாரம் என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனான். செங்கல் பேச்சே இல்லை. செங்கல்லை அவன் மறந்துபோன மாதிரிகூட இருந்தது. மூலை என்று அவன் ஒத்துக்கொண்டால் அவள்மேல் பழி இல்லை. பழி இல்லை என்றால் வாசலை அடைக்கக் காரணம் இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும். எல்லாம் சரியாகிவிடும். இவ்வளவு எளிசாக ஒரு வழி வந்து முன்னால் நிற்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

ஆனால் அது பொய். அவன் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுப் பொய் சொல்கிறான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் செய்யாததைச் செய்ததாக ஊரான் முன்னால் சொன்னான். இன்றைக்குச் செய்ததைச் செய்யவில்லை என்று இவளிடமே சொல்கிறான். இந்த மனுஷனுக்கு ஒரே ஒரு நாளாவது உள்ளதை உள்ளபடி சொல்ல வராதா? அதோடு, இப்போது தலையாட்டிவிட்டால் அடுத்த அச்சில் அவன் மூலையை இரண்டு மில்லி உருட்டுவான், அவள் மறுபடி எண் அடிப்பாள், மறுபடி உடையும், மறுபடி அவன் தன்மேல் போட்டுக்கொள்வான். எத்தனை நாளைக்கு?

"டேய், கண்ணாடியப் போடு," என்றாள்.

"பாத்துட்டேன்க்கா."

"போட்டுக்கிட்டுப் பாரு. எங்க தடிப்பா இருக்கு? ஏழுக்கிட்ட. எங்க முடியுது? மூலைக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. உன் மூலையத் தொடவே இல்ல. நான் அடிச்ச நம்பர்லதான்டா ஆரம்பிச்சிருக்கு. நான்தான் ஒடச்சேன்."

சொல்லிவிட்டாள். இனி அவன் செங்கல்லைத் தூக்கலாம். தம்பி திரும்பி நடந்தான். வாசலுக்குப் போனான். செங்கல் அடுக்கின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தான், பக்கத்தில் இடம் விட்டு. கையை நீட்டி அச்சை எடுத்து வா என்று சைகை செய்தான். அவள் இடுக்கி வேண்டாம் என்று கையாலேயே எடுத்துக்கொண்டு போனாள். ஆறிப்போயிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மட்டம் பார்த்து அடுக்கியதால் ஆடவில்லை.

"விரிசல் மூலையப் பாத்துதானே போகுது," என்றான். "மூலை இழுத்திருக்கு. அதனாலதான் இப்பிடி வந்திருக்கு."

"இழுக்கலடா. நம்பர்லேருந்து கெளம்பி, போற வழியில போயிருக்கு."

"உனக்கு இரும்பப் பத்தித் தெரியாது."

"எனக்கா தெரியாது?"

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. அவன் மூலை என்கிறான், அவள் நம்பர் என்கிறாள். நான்தான் அவசரப்பட்டு உருட்டினேன் என்கிறான், எட்டு மூலையும் எண்ணெய் தடவினாற்போல உருட்டியிருக்கிறாய், பேசாதே என்கிறாள். நீ மெல்லத்தான் அடித்திருக்கிறாய், இவ்வளவு பள்ளம் ஒன்றும் செய்யாது என்கிறான் அவன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு அடி அடிச்சேன்டா, உன்ன நெனச்சுத்தான் அடிச்சேன் என்றாள். அவன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். அப்படியும் விடவில்லை. நாலு அடியும் தாங்கியிருக்கும், மூலை சரியாக இருந்திருந்தால் என்றான். முன்பெல்லாம் உன் தப்பு, உன் தப்பு என்று கத்தியபோது இருந்த அதே குரல், அதே பிடிவாதம், கை ஆட்டுகிறதுகூட அதே மாதிரி.

தெருப்பக்கத்திலிருந்து நிழல் ஒன்று விழுந்தது. கொத்தனார். தோளில் மட்டப்பலகை, கையில் அளவு நாடா. வாசல் எது, எந்தப் பக்கத்திலிருந்து கட்டுவது என்று தம்பி பெண்டாட்டியைக் கேட்டார். அவள் வாசலைப் பார்த்தாள். வாசலில் கட்டப்போகிற செங்கல்லின்மேல் இரண்டு பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, கொத்தனார் வந்திருக்காரு. என்ன சொல்லட்டும்?" என்றாள். அண்ணி நம்பர் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்து, "உங்களத்தான் கேக்குறேன்," என்றாள். அவன் மூலையை விடவில்லை. மூன்று மாதம் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பெண், இன்றைக்கு யாரும் அவள் சொல்வதைக் கேட்கத் தயாராக இல்லை. காகிதக் கட்டைப் பெட்டிமேல் பொத்தென்று வைத்துவிட்டு, கொத்தனாருக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். உட்காருங்க, இதுங்க இப்ப முடிக்காதுங்க என்றாள்.

கொத்தனார் உட்கார்ந்தார். அளவு நாடாவைக் கொஞ்சம் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார். எதிரே செங்கல்லின்மேல், வெள்ளைப் பொடி பூசிய அச்சு இரண்டு மடிக்கும் நடுவில் கிடந்தது. தம்பியின் கட்டைவிரல் உருட்டிய மூலையில் அழுந்தியிருந்தது. அக்காவின் கட்டைவிரல் ஏழின் காலில் அழுந்தியிருந்தது. ஈரக்கோடு இரண்டுக்கும் நடுவில் நீண்டு கிடந்தது. இரண்டு பேரில் ஒருத்தரும் விரலை எடுக்கவில்லை.